நாற்பத்தொரு வினாடி

நான் செய்த தொழிலுக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் படியவில்லை. விண்ணப்பப் பாரங்களில் காணொளிக் கலைஞர் என்று எழுதுவேன். மலேசியாவின் சிரம்பான் நகரில் எனக்குச் சம்பளம் கொடுக்கும் ஸ்டூடியோவில் நான் வீடியோக்காரி. தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய என் அப்பா, மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "கல்யாணத்துல படம் பிடிக்குது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அது பொய்யில்லை. வாரக் கடைசியில் கல்யாணங்களை எடுத்தேன். மற்ற நாட்களில், கேமராவுக்காகவே ஆடப்படும் நடனத்தைப் படமாக்கினேன்.

மேடையில் ஆடுவதைப் பதிவு செய்வது வேறு, இது வேறு. மேடை நடனத்தில் ஆடுகிறவர் அங்கே, நாம் இங்கே. கேமராவுக்கான நடனத்தில் பார்ப்பவரின் கண் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்கிறோம். ஒரு குதிகால் சிமெண்டில் ஊன்றுவதை மட்டும் ஒரு நிமிடம் காட்டலாம். முகத்தைக் காட்டாமலேயே முழு நடனத்தையும் முடிக்கலாம். எங்கே வெட்டுகிறோம், எவ்வளவு நேரம் வெட்டாமல் விடுகிறோம் என்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான். வெட்டாமல் விடுவதில் எனக்குத் திறமை உண்டு என்று சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஆடியவள் என் தோழி. சுவா என்ற சிற்றூருக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் பிறந்தோம். அங்கேயே இருந்த தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் ஒரே வகுப்பு. ஆறாம் ஆண்டில் எங்கள் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள்தான். சனிக்கிழமைகளில் சிரம்பானுக்கு பஸ் ஏறிப் போய் பரதம் கற்றோம். இரண்டு வருடத்தில், உன் காலுக்குத் தாளம் வராது என்று ஆசிரியை என்னை அனுப்பிவிட்டார். அவளை அனுப்பவில்லை. அதன் பிறகும் நான் அவளுடன் பஸ்ஸில் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடுவதைவிடப் பார்ப்பதுதான் எனக்கு வருகிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வளர்ந்த பிறகு அவள் அம்பாங்கானில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஏர்கோன், அதாவது ஏசி, பழுதுபார்க்கும் ஒருவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவள் மேடையேறுவதை நிறுத்தியிருந்தாள். மேடை என்றால் நகை, மேளக்காரர்கள், மண்டப வாடகை, வந்து உட்காரும் பிரமுகருக்கு மாலை. என் கேமராவுக்கு முன்னால் அவள் டிராக் சூட்டிலும் டி-சட்டையிலும் ஆடினாள். ஏழு வருடத்தில் ஐந்து படங்கள் செய்தோம். ஒன்றைக் கோயில் மண்டபத்துச் சமையல்கட்டில், அண்டாக்களுக்கு நடுவே எடுத்தோம். இன்னொன்றைச் செம்பனை மரங்களுக்கு நடுவே, இசையே இல்லாமல், அவள் மூச்சுச் சத்தத்தை மட்டும் வைத்து. அந்தப் படத்தைக் கோலாலம்பூரில் ஒரு சிறிய கூடத்தில் திரையிட்டபோது பதினோரு பேர் வந்தார்கள். அதில் அவள் கணவரும் கூடத்தின் காவலாளியும் அடக்கம். திரும்பும் வழியில் நான் அழுதேன். அவள் சிரித்தாள்.

"ஆட நான் இருக்கேன், பார்க்க நீ இருக்கே. போதும்லா," என்றாள்.

எனக்குப் போதவில்லை.

எங்கள் தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. ஆட்கள் ஏற்கெனவே மலிவு விலை வீடுகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளின் கூரையையும் சுவர்களையும் பெயர்த்து ஏற்றிப் போனார்கள், தரைகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். சிவப்புச் சாயம் தேய்த்த சிமெண்டுத் தரைகள், புல்லுக்கு நடுவே வரிசையாக. அவள்தான் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். தன் வீட்டுத் தரையில் ஆட வேண்டும் என்றாள்.

அது பாசம் இல்லை. அந்த வீட்டை அவள் வெறுத்தாள். இரண்டு அறையில் எட்டுப் பேர். அவள் அப்பா குடித்துவிட்டு வந்தால் பிள்ளைகள் எல்லாரும் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அம்மாவின் பல் உடைந்தது அந்தத் தரையில்தான். "ஒரு தடவை நல்லா மிதிச்சிட்டுப் போயிடணும்டி," என்றாள். அந்தப் படத்துக்கு அவள் அமைத்த ஆட்டம் முழுக்க மிதிதான். அரைமண்டியில் உட்கார்ந்து, முழங்கால்களை இரண்டு பக்கமும் விரித்து, பாதத்தால் தரையை அறைவாள். தட்டடவு என்று எல்லாரும் முதல் வகுப்பில் கற்பது அது. அவள் அடித்தபோது அது பிள்ளைப் பாடமாக இல்லை. யாரையோ அடிப்பது போல இருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். மூன்றாவது ஞாயிறு முடிவுக் காட்சி. சமையல்கட்டுத் தரையின் ஓரத்தில், பின்பக்கக் கழிவுநீர்க் குழியை மூடி ஒரு சிமெண்டுப் பலகை கிடந்தது. செம்பனை ஓலைகளுக்கு இடையில் வந்த காலை வெயில் சரியாக அந்தப் பலகையின் மேல் விழுந்தது. ஆட்டத்தை அங்கே குதித்து முடி என்று நான் சொன்னேன்.

அவள் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆடுதுடி," என்றாள்.

நான் போய் ஏறி நின்றேன். லேசாக ஆடியது. ஓரத்தில் மயிரளவு ஒரு விரிசல் ஓடியதைப் பார்த்தேன். "தாங்கும்லா, நானே நிக்கிறேன்ல," என்றேன். நான் அவளைவிடக் கனம். ஆனால் நிற்பதும் குதிப்பதும் ஒன்றல்ல என்று நடனம் பார்த்தே வளர்ந்த எனக்குத் தெரியாமல் இல்லை.

எட்டு முறை எடுத்தோம். எட்டு முறையும் பலகை தாங்கியது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று எனக்குக் குறைந்தது. வெயில் மங்கியது, ஓலை அசைந்தது, அவள் கை உயரவில்லை. எட்டாவது முடிந்ததும் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போதும், களைத்துவிட்டேன் என்றாள். மேகம் விலகிக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரே ஒரு தடவை," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தன் இடத்தில் நின்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் எழுந்து போவாள்.

பலகை இரண்டாக உடைந்தது. அவள் வலது கால் தொடை வரை குழிக்குள் போனது. உடம்பு இடது பக்கம் சரிந்து தரையில் விழுந்தது. அவள் கத்தவில்லை. உள்ளே இழுத்த மூச்சு வெளியே வராத மாதிரி ஒரு சத்தம். அதற்கு முன்னால் இன்னொரு சத்தம் கேட்டது. காய்ந்த ஓலைமட்டையை முறிப்பது போல.

கேமராவை நான் கையில் வைத்திருந்தேன். அவள் விழுந்தபோது நானும் முழங்காலை மடக்கி, கேமராவை மெல்லக் கீழே இறக்கினேன். அவளுடைய வேகத்திலேயே இறக்கினேன். அவள் முகம் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. உள்ளே இருந்தது அவள் இடது கை மட்டும், சிவப்புச் சிமெண்டின் மேல் மல்லாந்து கிடந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மூடின, ஒவ்வொன்றாகத் திறந்தன. மேகம் முழுவதும் விலகி வெயில் அந்தக் கையின் மேல் விழுந்தது.

பின்னால் சிலரிடம், அவள் ஆட்டத்தைத் தொடர்கிறாள் என்றுதான் நினைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அது என்ன சத்தம் என்றும் தெரிந்தது. தெரிந்துகொண்டே எடுத்தேன். நாற்பத்தொரு வினாடி. அந்தப் படத்துண்டின் நீளம் எனக்குப் பாடம்.

அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதும் கேமராவை மண்ணில் போடவில்லை. வியர்வை துடைக்கும் துண்டை விரித்து அதன் மேல் வைத்துவிட்டுத்தான் ஓடினேன்.

அங்கே போனுக்கு லைன் கிடைக்கவில்லை. மண்சாலை வரை ஓடினேன். குலை ஏற்றிக்கொண்டிருந்த லாரியில் இரண்டு வங்காளதேசத்து ஆட்கள் இருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்காமல் வந்தார்கள். குழியிலிருந்து அவளைத் தூக்கி, குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, சாலை வரை தள்ளினார்கள். அதில் ஒருவர் வழி முழுக்க அவள் தலைக்கு அடியில் தன் கையைக் கொடுத்திருந்தார். அந்த மனிதரை நான் அடிக்கடி நினைக்கிறேன்.

சிரம்பான் மருத்துவமனைக்கு அவள் கணவர் வேலைச் சட்டையோடு வந்தார், தோளில் கருவிப் பை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை நீங்க கூட இருந்தீங்க அக்கா," என்றார். நான் தலையை ஆட்டினேன்.

எலும்பு கூடிவிடும் என்றார்கள். தகடு வைத்தார்கள். முழங்காலுக்குள் இரண்டு தசைநார்கள் கிழிந்திருந்தன. நடக்கலாம், படி ஏறலாம். குதிக்க முடியாது. அரைமண்டியில் உட்கார முடியாது. டாக்டர் இதைச் சொன்னபோது அவள் அரைமண்டி என்றால் என்ன என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் படுத்தபடி இரண்டு கைகளையும் முழங்கால்கள் மாதிரி வளைத்துக் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அதுதான் முடியாது என்றார்.

வாரத்துக்கு இரண்டு முறை சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். அவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன், தலை சீவிவிட்டேன். தோழி செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். மற்ற நேரத்தில் ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து படத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். முதலில் அந்தத் துண்டைத் தொடவில்லை. பிறகு பார்க்க மட்டும் பார்த்தேன். பிறகு கடைசியில் வைத்துப் பார்த்தேன். அதை வைத்ததும் அதற்கு முன்னால் இருந்த ஏழரை நிமிடமும் அந்த விழுதலை நோக்கியே போவது போல ஆகிவிட்டது. அவ்வளவு நாளாக நான் செய்ய நினைத்த படம் அதுதான். எட்டு நல்ல முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்றும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை.

ஒரு நாள் அவளே கேட்டாள், படம் என்ன ஆச்சு என்று. இன்னும் முடியவில்லை என்றேன்.

"இருக்கிறத வச்சு முடிச்சிடு. வீணாப் போக வேணாம்."

"எடுத்த எல்லாத்தையும் போட்டுக்கவா?"

"போட்டுக்கடி. எங்கிட்ட என்னா கேக்குறே."

எல்லாம் என்ற சொல்லுக்குள் நான் அந்தத் துண்டை ஒளித்து வைத்தேன். அவள் விழுந்த உடனே நான் கேமராவைப் போட்டுவிட்டு ஓடி வந்ததாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வலியில் அவளுக்கு நேரம் தெரிந்திருக்காது. அதை நான் திருத்தவில்லை.

படம் எட்டு நிமிடம் சொச்சம். வெளிநாட்டில் ஒரு விழாவுக்கு அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து இன்னும் மூன்று இடங்களில் கேட்டார்கள். கோலாலம்பூரில் ஒரு கலைக்கூடத்தில் மதியக் காட்சியாகத் திரையிட்டார்கள். அதற்கு முன்னால் அவளுக்குப் போட்டுக் காட்ட எனக்குப் பல நாட்கள் இருந்தன. பெரிய திரையில் முதலில் பாரு, அப்போதுதான் நன்றாக இருக்கும் என்று தட்டிக் கழித்தேன்.

கணவருக்கு அன்று வேலை. நானும் அவளும் கொமுட்டர் ரயிலில் போனோம். அவள் புடவை கட்டியிருந்தாள். கால் முறிந்த பிறகு முதல் முறையாக. ஒரு கையில் ஊன்றுகோல். காலை நீட்ட வேண்டும் என்று மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தாள். இந்த முறை அரங்கம் நிறைந்திருந்தது. உள்ளே வரும்போதே அவள் என் தோளை இடித்து, "பதினோரு பேருக்கு மேல இருக்காங்கடி," என்றாள்.

நான் முன்வரிசையில் இருந்தேன். படம் ஓடும்போது திரும்பி அவளைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பலகை உடைந்தபோது அரங்கமே ஒரே மூச்சாக உள்ளே இழுத்தது. பிறகு நாற்பத்தொரு வினாடி யாரும் அசையவில்லை. விளக்கு வந்ததும் கைதட்டினார்கள். நிறுத்தாமல் தட்டினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கேள்வி நேரத்தில் ஓர் இளம்பெண் எழுந்து, கடைசியில் வரும் விழுதல் அமைக்கப்பட்டதா, தற்செயலா என்று கேட்டாள். அரங்கத்தில் அந்தப் பதிலைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தோம். மைக் என் கையில் இருந்தது. பார்ப்பவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றேன். பலர் தலையாட்டினார்கள். நல்ல பதில் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நிகழ்ச்சியை நடத்தியவர் உற்சாகமாக, ஆடியவரும் இங்கே வந்திருக்கிறார், தயவுசெய்து எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அவள் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேரம் எடுத்தது. எல்லாரும் கோலைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். அந்த இளம்பெண்ணின் கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். அதன் பிறகு முன்னைவிடச் சத்தமாகக் கைதட்டினார்கள். அவள் கும்பிட்டாள். ஆட்டம் முடிந்ததும் சபைக்குக் கும்பிடச் சின்ன வயதில் கற்றுக்கொடுத்த மாதிரியே கும்பிட்டாள்.

திரும்பும் ரயிலில் கூட்டமில்லை. பாங்கி ஸ்டேஷன் தாண்டும் வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அது ஆட்டம் இல்லடி," என்றாள். "நான் விழுந்தேன்."

எனக்குத் தெரியும் என்றேன்.

"நீ ஏன் வரல?"

நான் வந்தேனே என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கோபமாக இல்லை. பாலர் பள்ளியில் கணக்கைத் தப்பாகச் சொன்ன பிள்ளையிடம் ஆட்டுவது மாதிரி.

"எண்ணிப் பார்த்தேன். நீ சீக்கிரம் வந்துட்டேன்னுதான் இத்தனை நாளு நினைச்சேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

மன்னித்துவிடு என்றேன். எதற்கு என்று கேட்டாள். எதற்கென்று சொல், பலகைக்கா, படத்துக்கா, மைக்கில் சொன்னதற்கா என்று கேட்டாள். எந்த ஒன்றைச் சொன்னாலும் மற்றதை மறைப்பதாக ஆகும் போல இருந்தது. சிரம்பான் வந்ததும் அவள் இறங்கி, கணவர் நிறுத்தியிருந்த வேனுக்குத் தனியாக நடந்து போனாள். அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவருக்கு இன்னும் தெரியாது.

அந்த ஒரு படத்தால் எனக்கு எல்லாம் வந்தது. வெளிநாட்டில் தங்கி வேலை செய்ய அழைப்புகள், கூட்டங்களில் பேச இடம், பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி. போன இடங்களில் எல்லாம் அடுத்தது என்ன என்று கேட்டார்கள். செய்ய முயன்றேன். ஒரு மழைக்காலத்தில் சிரம்பானில் ஒரு பழைய மண்டபத்தில், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஆட, படம்பிடித்தேன். கூரை ஒழுகித் தரையில் ஓரிடம் ஈரமாக இருந்தது. அவள் அந்த ஈரத்தின் பக்கம் வரும்போதெல்லாம் என் விரல் இறுகியது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வழுக்குவதற்காகக் காத்திருக்கிறேன் என்று ஆறாவது தடவை புரிந்தது. கேமராவை அணைத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று அவளை வீட்டுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு நான் நடனப் படம் எடுக்கவில்லை.

படத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அதைக் காட்டிய எல்லா இடங்களுக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். விரிசலைப் பார்த்தது, கேமராவை இறக்கியது, மைக்கில் சொன்னது எல்லாம். சில இடங்களில் பதில் எழுதாமலேயே படத்தை நீக்கிவிட்டார்கள். ஓர் இடத்திலிருந்து, அங்கே படங்களைத் தேர்வு செய்பவர் போனில் கூப்பிட்டார். கனிவான குரல். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இப்போதுதான் படம் முழுமையடைகிறது, கடிதத்தைப் பெரிதாக அச்சடித்துத் திரைக்குப் பக்கத்தில் மாட்ட அனுமதிப்பீர்களா என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். எதைச் சொன்னாலும் அதுவும் படத்தின் பகுதியாகிவிடும் என்று அப்போது தெரிந்தது. அதற்குள் யாரோ அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டி, சோகமான வயலினைப் போட்டு, இணையத்தில் விட்டிருந்தார்கள். கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நான் எங்கே போய்த் திரும்ப வாங்குவது.

அவள் என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை. அவளுக்கு மகள் பிறந்தபோது ஒரு முறை போனேன். தகடு வைத்த காலோடு பிள்ளையைச் சுமந்தது பெரும் பாடு என்று அவள் கணவர் சொன்னார். அதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய் வேனைத் துடைத்தார்.

கடைசியாகப் போனது பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது. தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து, பகலில். முறுக்குத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். அவள் மகள் ஓடி வந்து, நீங்கள் வீடியோ ஆன்ட்டிதானே என்று என்னைக் கேட்டாள். நான் அம்மா டான்ஸ் ஆடிக் காட்டட்டுமா என்று கேட்டாள். நாங்கள் பதில் சொல்வதற்குள் கூடத்துக்கு நடுவே போய் நின்றாள்.

ஒரு தடவை குதித்தாள். பிறகு வலது காலை மடக்கிப் பக்கவாட்டில் தரையில் சரிந்தாள். முகத்தை எங்களுக்குத் தெரியாமல் அப்பால் திருப்பிக்கொண்டாள். இடது கையை டைல்ஸின் மேல் மல்லாக்க வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள், ஒவ்வொன்றாகத் திறந்தாள். நன்றாகச் செய்தாள். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. என் தோழி எண்ணியிருப்பாள்.

"எந்திரிம்மா. தரை குளிரா இருக்கு," என்றாள்.

பிள்ளை எழுந்து, எப்படி என்று கேட்டது. நல்லா இருக்கு, போய்க் கை கழுவு என்று அனுப்பினாள். தன் அண்ணன் மகனுடைய போனில் பிள்ளை அதைப் பார்த்திருக்கிறது என்றாள் என்னிடம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் இருபத்தஞ்சு வருஷம் ஆடியிருக்கேன். அதுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

நம்முடைய மற்ற ஐந்து படங்களும் என்னிடம் இருக்கின்றன, கொண்டுவந்து பிள்ளைக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். சமையல்கட்டில் ஆடியது, செம்பனையில் ஆடியது எல்லாம் காட்டலாம் என்றேன். அவசரமாகச் சொன்னேன்.

"வேணாம்டி. அதெல்லாம் பார்த்தா எனக்குக் கால் வலிக்கும்."

வாசல் கம்பிக் கதவு வரை வந்தாள். கோல் இல்லாமல், லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். கதவைத் திறந்துவிட்டு, இனிமேல் வராதே என்றாள். சண்டைக்காகச் சொல்லவில்லை என்றாள். "நீ வந்துட்டுப் போனா ரெண்டு மூணு நாளு தூக்கம் வரலைலா. எனக்குக் காலையில வேலை இருக்கு." சரி என்றேன். அவள் என் கையை ஒரு முறை பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வருடம் அவர்கள் ஜொகூருக்கு மாறிப் போனதாக, பாலர் பள்ளியில் அவளோடு வேலை செய்தவர் ஒரு கல்யாணத்தில் சொன்னார். புது நம்பர் அவரிடம் இருந்தது. நான் கேட்கவில்லை.

ஸ்டூடியோவில் இப்போது எல்லா நாளும் இருக்கிறேன். கல்யாணம், காதணி விழா, நிச்சயதார்த்தம். இப்போதெல்லாம் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் ஆடிக்கொண்டே வருகிறார்கள், அதற்கு ஒரு மாதம் ஒத்திகை பார்க்கிறார்கள். கிட்டே போய் எடு என்று முதலாளி சொல்வார். நான் மண்டபத்தின் கடைசியில், நாற்காலிகளுக்குப் பின்னால், பெரிய லென்ஸைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். அங்கிருந்து எடுத்தால் எல்லாரும் சின்னதாகத் தெரிகிறார்கள், முகமே சரியாக விழவில்லை என்று இந்த வருடத்தில் இரண்டு குடும்பங்கள் வந்து குறை சொல்லிவிட்டுப் போய்விட்டன. முதலாளி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக ஒரு ஆளை எடுத்திருக்கிறார்.